மானுக்கு ஒரு ஏக்கர்

சினிமா எழுதியாச்சு, செமஸ்டர் புலம்பல் எழுதியாச்சு, பனிக்காலத்தில் சாம்பார் வைத்த கதையும் எழுதியாச்சு. இந்த முறை மான்.

மானை விரட்டுவது பற்றி இல்லை. மான் வந்து வயிறார மேயட்டும் என்று வேலை மெனக்கெட்டு நிலத்தை உழுது, சுண்ணாம்பு போட்டு, காசு கொடுத்து விதை வாங்கித் தூவி, களையும் எடுத்துக் காத்திருப்பது பற்றி. அமெரிக்காவில் இதற்கு 'ஃபுட் ப்ளாட்' என்று பெயர். விவசாயச் சாமான் விற்கும் கடையில் இதற்கென்று தனி அலமாரியே இருக்கும். ஒவ்வொரு விதைப் பையின் மேலும் கிளை கிளையாய்க் கொம்பு வைத்த மான் ஒன்று நம்மை முறைத்துக்கொண்டிருக்கும். மானுக்கு மட்டுமல்ல, காட்டு வான்கோழி, ஃபெசன்ட், காடை என்று வேட்டைப் பறவைகளுக்கும் விதைக்கிறார்கள். எல்லாம் கடைசியில் எதற்கு என்றால், சுடுவதற்கு. அதை யாரும் மறைப்பதில்லை.

எங்கள் கொங்குப் பக்கம் புஞ்சை நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். சோளக்காடு, கடலைக்காடு. அந்தக் கணக்கில் இதற்கு நான் மான்காடு என்று பெயர் வைத்துவிட்டேன். பதிவு முழுக்க அப்படியேதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் என்ன வேலை? நான் மேடிசனில் மண்ணியல் படிக்கிறேன் (ஆமாம், மண்ணைப் படிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கலாம்). ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை நண்பனின் அப்பாவுக்கு விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில், மேடும் பள்ளமுமான பகுதியில், நாற்பது ஏக்கர் இருக்கிறது. முக்கால்வாசி ஓக் மரக்காடு. மேட்டில் ஓர் அரை ஏக்கர், பள்ளத்தில் ஓர் ஏக்கர், இவ்வளவுதான் வெட்டவெளி. அவர் விதைத்த க்ளோவர் இரண்டு வருடமாக மஞ்சளடித்துப் போகிறது என்று மண் பரிசோதனைச் சீட்டை மகனிடம் கொடுத்துவிட்டிருந்தார். அதைப் படித்துச் சொன்னதில் நான் அவருக்கு 'மண் டாக்டர்' ஆகிவிட்டேன். அப்புறம் ஒரு வருடம் மாதம் ஒரு சனிக்கிழமையாவது அங்கே போய்வருவது வழக்கமானது. சோறு நன்றாகப் போடுவார்கள் என்பதும் ஒரு காரணம்.

சீட்டில் இருந்த விஷயம் எளிது. மண்ணின் அமிலத்தன்மை எண் 5.4. க்ளோவர் போன்ற பயறுக் குடும்பச் செடிகளுக்கு ஆறரை பக்கம் இருந்தால்தான் வேரில் ரைசோபியம் ஒழுங்காக வேலை செய்து காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும். எனவே சுண்ணாம்பு, ஏக்கருக்கு இரண்டு டன். சொல்வதற்கு ஒரு வரி. ஆனால் மேட்டுக்கு லாரி ஏறாது. நாற்பது பவுண்டு மூட்டையாக வாங்கினால் ஏக்கருக்கு நூறு மூட்டை. அரை ஏக்கருக்கு ஐம்பது. நான்கு சக்கர மோட்டார் வண்டியின் பின்னால் குட்டி டிரெய்லர் மாட்டி, மூட்டை மூட்டையாக மேலே ஏற்றினோம். மானுக்காக. எங்கள் அப்புச்சி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அப்புச்சிக்கு ராத்திரித் தூக்கம் போனதே கடலைக்காட்டில் இறங்கும் காட்டுப்பன்றியாலும் காலையில் இறங்கும் மயிலாலும்தான். தகர டப்பா தட்டுவார், பழைய சேலையை வேலியில் கட்டுவார், கடைசியில் சலித்துப்போய் அந்தக் காட்டில் கடலையே போடுவதில்லை என்று விட்டுவிட்டார். நம் இலக்கியத்திலேயே பாருங்கள், தினைப்புனத்தில் பரண் கட்டி, கவண் கல் வீசி, கிளி ஓட்டுகிற பெண்கள்தான் வருகிறார்கள். வள்ளி கதையே அதுதானே. பரண் என்றால் விரட்டுவதற்கான இடம். இந்த ஊரிலும் மான்காட்டின் ஓரத்தில் மரத்தோடு சேர்த்து ஓர் ஏணி, பதினைந்தடி உயரத்தில் உட்காரப் பலகை. பார்த்தவுடன் 'அட, பரண்' என்றேன். ஆனால் இங்கே பரணில் இருப்பவர் வாயே திறக்கமாட்டார். இருமல் வந்தால்கூட முழுங்கவேண்டும்.

சரி, என்னதான் விதைக்கிறார்கள்? இதில்தான் நான் கொஞ்சம் மயங்கிவிட்டேன், அதனால் நீளமாகச் சொல்வேன்.

மார்ச் மாதம் பனி உருகியும் உருகாமலும் இருக்கும்போது வெள்ளை க்ளோவர் விதையைக் கையால் சுற்றும் சின்ன விதைப்பானில் போட்டுக்கொண்டு, உழாத நிலத்தின் மேலேயே தூவிக்கொண்டு போவார்கள். விதை கடுகைவிடச் சின்னது. இரவில் நிலம் உறைகிறது, பகலில் இளகுகிறது. உறைந்து இளகி உறைந்து இளகி, மண்ணின் மேல்பரப்பு கோடையில் வற்றிய ஏரி மாதிரி பொடிப் பொடியாக வெடிக்கிறது. விதை தானாக அந்த வெடிப்பில் இறங்கிவிடுகிறது. கலப்பை இல்லை, மாடு இல்லை, டிராக்டர் இல்லை. பனியே உழுகிறது.

ஜூலை கடைசியில் இருந்து ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் டர்னிப், முள்ளங்கி, ரேப் என்று கடுகுக் குடும்பத்து ஆட்கள். இவை செப்டம்பரில் இடுப்புக்கும் கீழே பச்சைக் கடலாக நிற்கும், மான் திரும்பிக்கூடப் பார்க்காது. பலத்த உறைபனி விழுந்தபின் பாருங்கள்! குளிரைத் தாங்குவதற்காகச் செடி இலையில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். கசப்பு அடங்கி இனிப்பு ஏறும். அப்புறம் ஒரு வாரத்தில் காம்பு மட்டும்தான் மிஞ்சும். டிசம்பர், ஜனவரியில் பனியைக் காலால் பறித்துக் கிழங்கைக் கடித்துவிட்டுப் போகும். செப்டம்பர் முதல் வாரம் மிச்சமிருக்கும் இடத்தில் ரை தானியம். அது கான்கிரீட் தரையில் போட்டாலும் முளைக்கும் ரகம்.

க்ளோவரோடு கலந்து சிக்கரியும் போடுகிறார்கள். சிக்கரி என்றதும் நான் குதித்தேன். நம் காபியில் கலக்கிறார்களே, அதே செடிதான்! நாம் வேரை வறுத்துப் பொடித்துக் குடிக்கிறோம், இங்கே இலை மானுக்கு. கோடையில் மழை இல்லாமல் க்ளோவர் வாடினாலும் ஆணிவேர் இருப்பதால் சிக்கரி நிற்கும். பெரியவருக்கு ஒரு தடவை டபரா செட்டில் ஃபில்டர் காபி போட்டுக்கொடுத்து, இதில் உங்கள் மான் தீனி இருக்கிறது என்றேன். முழுசும் குடித்தார்.

காட்டின் நடுவில் மூன்றடி உயரத்துக்கு ஒரு கம்பி வலைக் கூண்டு நட்டிருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை, க்ளோவர்தான். கோழிக்கூண்டா என்று கேட்டேன். மான் வாய் வைக்க முடியாத அந்தச் சின்ன வட்டத்தில் செடி முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும், வெளியே கணுக்கால் உயரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மான் தின்ற கணக்கு. ஒரு ரூபாய் கருவி இல்லாமல் எவ்வளவு அழகான பரிசோதனை! என் கைடு சொல்லித்தராததை அந்தக் கூண்டு சொல்லித்தந்தது. (கைடு இதைப் படிக்கமாட்டார், தமிழ் தெரியாது.)

இவ்வளவும் பார்த்தபின்தான் ஒரு கேள்வி வந்தது. அவர் நிலத்துக்கு அடுத்த பள்ளத்தாக்கில் கண்ணுக்கெட்டிய தூரம் பக்கத்து விவசாயியின் மக்காச்சோளமும் சோயாவும். அதற்கு அந்தப் பக்கம் ஆல்ஃபால்ஃபா. ஒரு மான் நாளைக்கு மூன்று கிலோ அளவுக்குத் தின்னும். அந்த நூற்றுக்கணக்கான ஏக்கரை விட்டுவிட்டு இவருடைய ஒன்றரை ஏக்கரில் எந்த மானுக்குப் பசி தீரப்போகிறது? கேட்டேவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதன் சாரம்: மானுக்குச் சாப்பாடு போடுவதாக யார் சொன்னது? அது எந்த வழியாக வரும், எத்தனை மணிக்கு வரும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கும், அதைத்தான் விதைக்கிறேன்.

அதற்கப்புறம் அந்த அரை ஏக்கரை வேறு கண்ணால் பார்த்தேன். மேட்டு மான்காடு சதுரமாக இல்லை, உடுக்கை வடிவத்தில் இருக்கிறது. நடுவில் ஒடுங்கும் இடத்துக்கு இருபது கெஜத்தில் பரண். மான் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குப் போகவேண்டும் என்றால் ஒடுக்கத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த நேரம் வில்லை இழுக்கவேண்டும். காற்று மேற்கிலிருந்து வீசினால் பரணில் ஏறலாம், கிழக்கிலிருந்து என்றால் வீட்டில் டிவி பார்க்கலாம். மானின் மூக்குக்கு முன்னால் நம் சோப்பு, ஷாம்பு, அவித்த முட்டை எதுவும் தப்பாது. வீட்டிலிருந்து பரணுக்குப் போகும் பாதையின் ஓரமாக ஆளுயரத்துக்கு மேல் வளரும் ஒரு சோள ரகத்தை வரிசையாக நட்டிருக்கிறார். தின்பதற்கு இல்லை, இவர் நடந்துபோவது மானுக்குத் தெரியாமல் இருக்கத் திரை!

எல்லா ஊரிலும் இப்படி இல்லை, அதையும் சொல்லவேண்டும். விவசாயமே இல்லாத பைன் காடுகளில், குறிப்பாகத் தெற்கத்தி மாநிலங்களில், நாலைந்து ஏக்கர் க்ளோவர் குட்டிக்குப் பால் கொடுக்கும் பெண் மானுக்கு நிஜமாகவே சத்துதான். ஆனால் மக்காச்சோள நாட்டில் இது உணவு இல்லை, மேடைதான்.

அமெரிக்கச் சட்டமும் இந்த விஷயத்தில் ரசிக்கும்படியாகக் குழம்பியிருக்கிறது. மூட்டையிலிருந்து மக்காச்சோளத்தைத் தரையில் கொட்டி, தின்ன வரும் மானைச் சுட்டால் அதற்குப் பெயர் இரை வைப்பது. விஸ்கான்சினில் அனுமதி உள்ள கவுண்டிகளில்கூட இரண்டு கேலன் அளவுதான் கொட்டலாம், பல கவுண்டிகளில் முழுத் தடை. அதே மக்காச்சோளம் விதைத்து வளர்ந்து காம்பில் நின்றால் விவசாயம். எத்தனை ஏக்கர் வேண்டுமானாலும். பறவைகளுக்கு இன்னும் கூத்து. 1935 முதல் வலசைப் பறவைகளை இரை கொட்டி வரவழைத்துச் சுடுவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். ஆனால் சூரியகாந்தி பயிரிட்டு, சீசனுக்கு முன் அதை அறுத்துத் தரையில் தள்ளி, பொறுக்க வரும் புறாவைச் சுடலாம். அதே மாதிரி அறுத்துப் போட்ட பயிருக்கு வரும் வாத்தைச் சுட்டால் குற்றம். வாத்துக்காக நிற்கிற மக்காச்சோளத்தில் தண்ணீர் கட்டலாம், சாய்க்கக்கூடாது. கொட்டினால் குற்றம், வளர்த்தால் தொழில்! படித்துவிட்டு நான் சட்டம் படிக்காதது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பறவை என்றதும் இரண்டு வார்த்தை. இந்த மாநிலத்தில் காட்டு வான்கோழி 1880களிலேயே அழிந்துவிட்டது. 1976ல் மிசூரி மாநிலத்துக்கு இங்கிருந்து 'ரஃப்டு க்ரவுஸ்' என்ற காட்டுப் பறவையைக் கொடுத்து, பண்டமாற்றாக வான்கோழி வாங்கிவந்து வெர்னன் கவுண்டியில் விட்டார்கள். இப்போது காலையில் பெரியவர் வீட்டு வாசலிலேயே கூட்டமாக நடக்கின்றன. ஃபெசன்ட் இந்த நாட்டுப் பறவையே இல்லை. 1880களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஓரிகனுக்குக் கப்பலில் வந்தது. குடும்பம் என்று பார்த்தால் நம் மயிலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சீனாவிலிருந்து வந்த அதைத் தெற்கு டகோட்டா மாநிலம் 1943ல் தன் மாநிலப் பறவையாக்கிக்கொண்டது. வந்தாரை வாழவைப்பது நாம் மட்டும் இல்லை.

ஃபெசன்டுக்கு மான்காடு மாதிரி ஒரு 'பறவைக்காடு' போடுகிறவர்கள் சோளம், மக்காச்சோளம், சிறுதானியம் என்று தானியமாக விதைக்கிறார்கள். அங்கேயும் விஷயம் தானியம் இல்லை. ஃபெசன்ட் பட்டினியால் சாவது குறைவு. பனிப்புயலில் ஒண்ட இடமில்லாமல் சாவதும், தீனிக்காக வெட்டவெளியில் நடக்கும்போது பருந்திடமும் நரியிடமும் மாட்டுவதும்தான் அதிகம். சம்புக் கோரை அடர்ந்த சதுப்பை ஒட்டி அந்தச் சோளம் இருந்தால் உயிர் காக்கும், அரை மைல் தள்ளி இருந்தால் அதுவே பொறி. குஞ்சுக்கோ தானியமே வேண்டாம். பொரித்த முதல் வாரங்களில் அது தின்பதெல்லாம் பூச்சி. மருந்தடித்துச் சுத்தமாக வைத்திருக்கும் பயிரில் பூச்சி ஏது? பூச்செடியும் புல்லும் கலந்து கிடக்கும் 'அழுக்கு' நிலம்தான் அதற்குப் பள்ளிக்கூடம். 1985 விவசாயச் சட்டத்தில் ஒரு திட்டம் வந்தது. மோசமான நிலத்தில் பயிர் செய்யாமல் புல்லாக விட்டால் அரசு குத்தகைப் பணம் தரும். 2007ல் அப்படி விட்ட நிலம் 3.6 கோடி ஏக்கருக்கு மேல். அப்புறம் எத்தனாலுக்காக மக்காச்சோள விலை ஏற, நிறையப் பேர் உழுதுவிட்டார்கள். கடையில் விற்கும் எந்த விதைப் பையும் அந்தப் புல்லுக்கு ஈடில்லை.

இதையெல்லாம் முதலில் யோசித்தவர் எங்கள் பல்கலைக்கழகத்து ஆள்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆல்டோ லியோபோல்ட். 1931ல் மேடிசனுக்கு மேற்கே ரைலி என்ற இடத்தில் சில விவசாயக் குடும்பங்களும் சில நகரத்துக் குடும்பங்களும் சேர்ந்து ஒரு வேட்டைக் கூட்டுறவு தொடங்க அவர் காரணமாக இருந்தார். குளிர்காலத்துக்குத் தானியப் பாத்தி, ஒண்ட வேலிப்புதர், எல்லாம் செய்தார்கள். 1933ல் வேட்டை விலங்கு மேலாண்மை பற்றி அவர் பாடநூல் எழுதினார், அதே வருடம் அதற்கென்று இங்கே பேராசிரியர் பதவியும் உண்டாக்கினார்கள். வேட்டை விலங்கையும் ஒரு மகசூல் மாதிரிப் பார்க்கலாம் என்பது அவருடைய அப்போதைய வாதம். வருடா வருடம் எடுக்கலாம், ஆனால் நிலம் தருகிற அளவுக்குத்தான். பத்து வருடத்தில் அவரே மறுபக்கத்துக்கு வந்து நின்றார். மான் பெருத்துக் காட்டின் இளமரங்களையெல்லாம் தின்றுதீர்க்கிறது, பெண் மானையும் சுட்டுக் குறைக்கவேண்டும் என்றார். 1943ல் அப்படி ஒரு சீசன் திறந்தபோது வேட்டைக்காரர்களே அவரைத் திட்டித் தீர்த்தார்கள். கலையைச் சுடலாம், பிணையைச் சுடுவது பாவம் என்ற எண்ணம் இந்த ஊரிலும் இருந்திருக்கிறது.

எனவே மான்காடு போடுகிறவர்கள் 'நாங்கள் இயற்கையைப் பாதுகாக்கிறோம்' என்று சொல்லும்போது நான் பாதிதான் தலையாட்டுவேன். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937 சட்டப்படி அவர்கள் கட்டும் தனி வரிதான் மாநிலங்களின் வனவிலங்கு வேலைக்குப் பெரிய ஆதாரம், அது உண்மை. நிலத்தைக் கூறுபோட்டு வீட்டுமனையாக விற்காமல் வைத்திருப்பதும் உண்மை. ஆனால் 1900 வாக்கில் சில லட்சமாகச் சுருங்கியிருந்த வெண்வால் மான் இப்போது நாடு முழுக்கச் சுமார் மூன்று கோடி. அதற்குத் தீனிப் பஞ்சம் என்று எந்தக் காடும் அழவில்லை. மான் வாய்க்குப் பயந்து முளைக்காமல் நிற்பது ஓக் கன்றுதான்.

இதுவரை எழுதியதெல்லாம் சுவாரசியம். இனி வருவது அப்படி இல்லை.

2001 இலையுதிர்காலத்தில் மேடிசனுக்குக் கொஞ்சம் மேற்கே, மவுண்ட் ஹோரெப் ஊருக்கருகே, சுட்ட மான்களில் மூன்றுக்கு ஒரு நோய் இருப்பது 2002 பிப்ரவரியில் தெரிந்தது. சுருக்கமாக சி.டபிள்யூ.டி. மான் உருகி எலும்பாகிச் சாகும் நோய். 1967ல் கொலராடோவில் கூண்டில் வளர்த்த மான்களில் முதலில் கண்டது, அதுவரை மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வந்ததில்லை. காரணம் பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. தப்பாக மடிந்த ஒரு புரதம், பெயர் ப்ரையான். மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு வருடம் வரை பார்க்க நன்றாகவே இருக்கும். அந்தக் காலம் முழுக்க எச்சில், மூத்திரம், சாணம் எல்லாவற்றிலும் அதை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். நோய் வந்த பகுதியில் மானையே இல்லாமல் செய்துவிடலாம் என்று மாநிலம் முதலில் முயன்றது. மக்கள் ஒத்துவரவில்லை, கைவிட்டார்கள். இன்று தென்மேற்கு விஸ்கான்சினில் சில இடங்களில் வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நோய் உள்ளவை.

மண் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். களிமண் தாதுக்களில், முக்கியமாக மான்ட்மோரில்லோனைட்டில், இந்தப் புரதம் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பின்னும் தொற்றும் சக்தி போகாது. வாய்வழியாகப் போகும்போது சக்தி கூடுகிறது என்றுகூட எங்கள் பல்கலைக்கழகத்திலேயே 2006, 2007 வாக்கில் வெள்ளெலிகளை வைத்துக் காட்டினார்கள். வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். அரைகுறையாய்க் கடித்துவிட்டுப்போன டர்னிப் கிழங்கை நினைத்துப்பாருங்கள். பனிக்கடியில் பாதி, மேலே பாதி. இன்று ஒரு மான் கடித்த அதே கிழங்கை நாளை இன்னொன்று கடிக்கும், மண்ணோடு சேர்த்து.

நவம்பரில், தேங்ஸ்கிவிங் வாரத்தை ஒட்டி வரும் ஒன்பது நாள் துப்பாக்கி சீசனில், பெரியவர் மேட்டு மான்காட்டில் ஒரு பெண் மானைச் சுட்டார். கொழுகொழுவென்று இருந்தது. தலையைப் பையில் போட்டுக் கட்டி, சாலையோரத்தில் மாநில வனவிலங்குத் துறை வைத்திருக்கும் பெட்டியில் போட்டு, சீட்டு நிரப்பிவிட்டு வந்தோம். பரிசோதனை இலவசம். மனிதனுக்கு இந்த நோய் தொற்றியதாக இதுவரை உறுதியான ஒரு சம்பவமும் இல்லை. ஆனாலும் நோயுள்ள மானைத் தின்னாதீர்கள் என்பதே மருத்துவ அறிவுரை. இறைச்சியைப் பொட்டலம் போட்டு, தேதி எழுதி, ஃப்ரீசரில் அடுக்கினார்கள். முடிவு வரும்வரை யாரும் தொடவில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம். முடிவு வந்தது. இருக்கிறது.

அந்தப் பொட்டலங்களை எல்லாம் எடுத்துக் குப்பைப் பையில் போட்டபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவி மட்டும் ஃப்ரீசரைப் ப்ளீச் போட்டு இரண்டு முறை துடைத்தார்.

அப்புறம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மேசையில் உட்கார்ந்து மூன்று பேரும் சண்டை போட்டோம், மரியாதையாகத்தான். நான் சொன்னது: மேட்டு அரை ஏக்கரின் வேலையே மான்களை ஒரே இடத்தில் நிறுத்துவது. மேடை என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். கொட்டிய மக்காச்சோளத்துக்குத் தடை போட்ட காரணம் அரை ஏக்கர் டர்னிப்புக்கும் பொருந்தும், சட்டம் சொல்லாவிட்டாலும். அவர் சொன்னது: நான் விதைக்காவிட்டாலும் பக்கத்துக்காரன் அறுத்த கட்டையில் சிந்திய மக்காச்சோளத்தில் நாற்பது மான் மூக்கோடு மூக்கு வைத்துத்தான் தின்னும், ராத்திரி நீயே பார்த்திருக்கிறாய். மானைக் குறைப்பது ஒன்றுதான் இப்போது நம் கையில் இருக்கிறது. அந்த மேடை இல்லாமல் இந்த வயதில் நான் எப்படி நாலு பெண் மானைச் சுடுவேன்? நண்பன் பாதி அப்பா பக்கம், பாதி என் பக்கம்.

அவர் வாதத்தை என்னால் முழுசாகத் தள்ள முடியவில்லை. நாலைந்து மைல் சுற்றளவில் எல்லாரும் தங்கள் தங்கள் மேடையில் வருடத்துக்கு நாலு பெண் மான் எடுத்தால் நிஜமாகவே குறையும். ஆனால் எல்லாரும் எடுப்பதில்லை. விதைப் பையின் மேல் இருக்கும் அந்தக் கொம்பனுக்காகக் காத்திருந்து, பெண் மானை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் காட்டில் மான் கூடுகிறது, குறைவதில்லை. அவர்களைப் பற்றித்தான் என் புகார், இவரைப் பற்றி இல்லை என்று சொன்னேன். அப்படியா, அப்ப அந்த நூறு மூட்டைச் சுண்ணாம்பை அவர்கள் தலையில் கொட்டு என்றார். (ஐம்பதுதான். அவர் எப்போதும் நூறு என்றுதான் சொல்வார்.)

மார்ச்சில் போனபோது டர்னிப் விதைப் பை பிரிக்காமலேயே கொட்டகையில் தொங்கியது. மேட்டு அரை ஏக்கரில் புல்லும் பூச்செடியும் கலந்த நாட்டு விதை போடப்போவதாகச் சொன்னார், வான்கோழிக் குஞ்சுக்குப் பூச்சி வேண்டுமாம். பரணைப் பிரித்துப் பள்ளத்துப் பக்கம் நகர்த்தியிருந்தார். பள்ளத்து ஏக்கரை மட்டும், கிழங்கு எதுவும் இல்லாமல், க்ளோவராகவே வைப்பது என்று முடிவு. ஒரே கிழங்கில் பல வாய் படுவதைவிட ஓர் ஏக்கர் இலையில் பரவி மேய்வது தேவலை என்று அவர் கணக்கு. தேவலைதான், தீர்வு இல்லை என்றேன். தெரியும் என்றார்.

விதைப்பானை என் தோளில் மாட்டிவிட்டு, மேற்கு மூலையிலிருந்து ஆரம்பி, கைப்பிடியை ஒரே வேகத்தில் சுற்று, இல்லாவிட்டால் ஒரு பக்கம் தலைமுடி ஒரு பக்கம் வழுக்கை மாதிரி முளைக்கும் என்றார். காலை ஏழு மணி, நிலம் இன்னும் கல் மாதிரி உறைந்திருந்தது, பூட்ஸுக்கடியில் நொறுங்கியது. ஓர் ஏக்கருக்கு நாற்பது நிமிடம் ஆனது.